'இஃப்' என்னும் ஈரெழுத்துச் சொல்

(எழுத்தாங்கிலத்தில் நிபந்தனை வாக்கியங்களைப் பிழையறக் கையாளுதல் பற்றிச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயத்தையும் தமிழையும் பற்றிப் பேசிப் பழகிய இம்மேடையில் ஆங்கில இலக்கணம் பேச ஒருவன் எழுந்தால், "இவனுக்கு இங்கென்ன வேலை?" என்று சிலர் எண்ணுதல் இயல்பு. ஆயினும் நம் சங்கத்தார் நாள்தோறும் நினைவுகூரும் ஆறுமுக நாவலர் பெருமான், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலங் கற்றவர்; அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர். பிறமொழியைச் செவ்வனே கற்றமை அவருடைய சைவத்தையோ தமிழையோ சிறிதுங் குறைக்கவில்லை. ஆகவே அஞ்சாது பேச்சைத் தொடங்குகின்றேன்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தோடு ஆங்கிலம் இந்நாட்டில் தன் பழைய அரியணையை இழந்தது. 1987ஆம் ஆண்டில், அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம், அது இணைப்பு மொழி என்னும் பெயரோடு மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றது. இன்று நம் இளைஞர்கள் எழுதும் விண்ணப்பம், முறைப்பாடு, வங்கிக்குக் கொடுக்கும் கடிதம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மடல் ஆகியவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. பேச்சிற் பிழை நேர்ந்தால் முகக்குறிப்பாலும் கையசைவாலும் ஈடுசெய்யலாம். எழுத்துக்கு முகமுமில்லை, கையுமில்லை. எழுத்தாங்கிலத்தில் நம்மவர் பெரிதும் இடறுமிடம் எதுவென்று என்னைக் கேட்டால், 'இஃப்' என்னும் அந்த ஈரெழுத்துச் சொல் நிற்குமிடமே என்பேன். உரையாதலால் ஆங்கில வாக்கியங்களை வாயாற் சொல்லுகின்றேன், செவியால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கிரேக்க நாட்டுக் கதையொன்று உண்டு. புளூட்டாக் என்னும் ஆசிரியர் அதனைக் குறித்து வைத்துள்ளார். மக்கெடோனிய அரசனாகிய பிலிப், ஸ்பாட்டா நாட்டாருக்கு ஓலை விடுத்தான்: "நான் உங்கள் நாட்டினுள் நுழைந்தால் உங்களை வேரோடு களைவேன்." ஸ்பாட்டர் அனுப்பிய மறுமொழி ஒரே சொல். ஆங்கிலத்தில் அதனை 'இஃப்' என்பர். அதாவது, நீ முதலில் நுழைந்து பார் என்பது கருத்து.

இக்கதையைத் தமிழிற் சொல்ல முயன்று பாருங்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்கு நாம் என்ன சொல்வோம்? 'ஆல்' என்று மட்டும் ஓலை அனுப்பினால், ஆலமரத்தைக் குறித்ததாகவே பிலிப் எண்ணியிருப்பான். 'நுழைந்தால்' என்று முழுச்சொல்லையுமே அனுப்புதல் வேண்டும். ஏனெனில் ஆங்கிலத்தில் நிபந்தனை ஒரு தனிச்சொல். வாக்கியத்தின் தலையில் நின்று, பின்னே வருவது நடந்த செய்தியன்று என்று முன்கூட்டியே அறிவித்து விடுகின்றது. தமிழிலோ நிபந்தனை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக் கிடக்கின்றது. தொல்காப்பியர் வினையியலில் எண்ணும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பது இதுவே. 'வரின்', 'வந்தால்' என்று நாம் இன்றும் எழுதி வருகின்றோம். 'ஆனால்' என்னும் சொல்லுங்கூட 'ஆகுமிடத்து' என்று பொருள்தந்த நிபந்தனைச் சொல்லாயிருந்து, இன்று 'எனினும்' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்ததுதான்.

வேற்றுமை இடத்தில் மட்டுமன்று, பொருளிலும் உண்டு. அதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி. 'அவன் வந்தால் நான் போவேன்' என்று தமிழிற் சொல்லுகின்றோம். அவன் வருவானா, வரமாட்டானா? நம் வாக்கியம் அதைப்பற்றி எதுவும் பேசுவதில்லை. ஆங்கிலமோ அந்த ஒரு வாக்கியத்தை எழுத முன்னரே நம்மை நிறுத்தி, "நீ அதை எவ்வளவு தூரம் நம்புகின்றாய்?" என்று கேட்கின்றது. வரக்கூடும் என்று கருதினால், 'இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் கோ' என்று எழுதவேண்டும். வருவது அரிது, அல்லது வெறுங் கற்பனை என்று கருதினால், 'இஃப் ஹீ கேம், ஐ வுட் கோ' என்று எழுதவேண்டும். காலங் கடந்து விட்டது, அவன் வரவில்லை என்று தெரிந்தால், 'இஃப் ஹீ ஹாட் கம், ஐ வுட் ஹாவ் கோன்' என்று எழுதவேண்டும். முதலிரண்டுக்கும் தமிழில் 'வந்தால் போவேன்' என்ற ஒரே வடிவந்தான். மூன்றாவதற்கே 'வந்திருந்தால் போயிருப்பேன்' என்ற தனி வடிவம் உண்டு.

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். 'கேம்' என்பது இறந்தகால வடிவம். பேசப்படுவதோ இனி வரக்கூடிய செய்தி. அங்கே இறந்தகாலம் காலத்தைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகின்றது. நேற்று நம்மைவிட்டு எவ்வாறு விலகிப் போயிற்றோ, அவ்வாறே நடவாதது என்று நாம் கருதுவதையும் ஆங்கிலம் ஒருபடி விலக்கி வைக்கின்றது. இது நமக்கு முற்றும் புதியதன்று. 'வந்தால்' என்பதைப் பிரித்துப் பார்த்தால் 'வந்த்' என்னும் இறந்தகால அடியே அங்கும் கிடக்கின்றது. 'செய்தால்', 'நடந்தால்', 'போனால்' யாவும் அப்படியே. வேறுபாடு இதுதான்: நாம் எல்லா நிபந்தனைக்கும் அந்த வடிவத்தைக் கடன் வாங்குகின்றோம், ஆங்கிலம் தான் நம்பாத நிபந்தனைக்கு மட்டுமே வாங்குகின்றது. இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்டால் பாதி இலக்கணம் வந்துவிட்டது எனலாம்.

இதனால் விளையும் நன்மை தீமைகளை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுகின்றேன். ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம், தம் ஊர்க் குளத்தின் அணை உடைந்து கிடப்பது பற்றி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுதுகின்றது என்று வைத்துக்கொள்வோம். 'அணையைத் திருத்தித் தந்தால் நாம் காலபோகம் செய்வோம்' என்பது கமக்காரர்களின் கருத்து. எழுதிக் கொடுக்கும் இளைஞன், 'இஃப் த பண்ட் இஸ் றிப்பெயர்ட், வீ வில் கல்ற்றிவேற்' என்று எழுதினால் அது ஓர் உறுதிமொழி. நீங்கள் உங்கள் கடமையைச் செய்யுங்கள், நாங்கள் எங்கள் கடமையைச் செய்வோம் என்று அது நிமிர்ந்து நிற்கின்றது. அவனே பணிவு கருதி, 'இஃப் த பண்ட் வேர் றிப்பெயர்ட், வீ வுட் கல்ற்றிவேற்' என்று எழுதினால் அது வெறும் ஆசை. திருத்துவார்கள் என்று இவர்களே நம்பவில்லை என்பது அதன் தொனி. 'இஃப் த பண்ட் ஹாட் பீன் றிப்பெயர்ட், வீ வுட் ஹாவ் கல்ற்றிவேற்றட்' என்று எழுதினாலோ அது குற்றச்சாட்டு. போகம் தவறிவிட்டது, பிழை உங்களுடையது என்பது பொருள். ஒரே குளம், ஒரே அணை, ஒரே கமக்காரர். கடிதம் மட்டும் மூன்று: உறுதிமொழி, ஆசை, முறைப்பாடு. எதை அனுப்பினோம் என்று அனுப்பியவரே அறியாதிருத்தல் நன்றன்று.

இதனினும் பாரதூரமான இடம் நீதிமன்றம். சாட்சி தமிழிற் சொல்கின்றார்: "அன்றிரவு அவன் வீட்டில் இருந்திருந்தால் சத்தத்தைக் கேட்டிருப்பான்." இவ்வாக்கியத்துக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. அவன் இருந்தானோ இல்லையோ நான் அறியேன், இருந்தது உண்மையாயின் கட்டாயம் கேட்டிருப்பான் என்பது ஒன்று. அவன் இருக்கவில்லை, அதனாற்றான் கேட்கவில்லை என்பது மற்றொன்று. முதற்பொருளை ஆங்கிலத்தில், 'இஃப் ஹீ வோஸ் அற் ஹோம், ஹீ மஸ்ற் ஹாவ் ஹேர்ட்' என்று எழுதுதல் வேண்டும். இரண்டாவதை, 'இஃப் ஹீ ஹாட் பீன் அற் ஹோம், ஹீ வுட் ஹாவ் ஹேர்ட்' என்று எழுதுதல் வேண்டும். மொழிபெயர்ப்பவர் முதலாவதற்குப் பதில் இரண்டாவதை எழுதிவிட்டால், சாட்சி சொல்லாத ஒன்றைச் சொன்னவராகின்றார். 'அவன் வீட்டில் இல்லை' என்ற கூற்று, எவர் வாயிலிருந்தும் வராமல், இலக்கணத்தின் இடுக்கிலிருந்து வந்து பதிவேட்டில் ஏறிவிடுகின்றது. ஒரு மனிதனின் விடுதலையோ சிறையோ அதிலே தங்கியிருக்கலாம்.

இங்கே 'வோஸ்', 'வேர்' என்னும் இரண்டையும் பற்றி ஒரு சொல். 'இஃப் ஐ வேர்' என்பதே சரி என்று பள்ளியிற் படித்தவர்கள், 'இஃப்' வந்த இடமெல்லாம் 'வேர்' போடத் தலைப்படுகின்றனர். நடவாததைக் கற்பனை செய்யும்போதே 'வேர்' வரும்: 'இஃப் ஐ வேர் எ பேர்ட்', நான் ஒரு பறவையாயிருந்தால். கடந்துபோன ஒன்று உண்மையாயிருக்கலாம் என்று ஐயுறும்போது 'வோஸ்' என்பதே முறை. மிசன் பாடசாலைகளிற் படித்த நம்மிற் சிலருக்கு வேறொரு பழக்கமும் உண்டு. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் 'இஃப்' என்பதன் பின் 'பீ' என்னும் வடிவம் அடிக்கடி வரும். காலைப் பிரார்த்தனையிற் கேட்ட அந்த நடை காதிலே நின்று, கந்தோர்க் கடிதத்திலும் 'இஃப் இற் பீ' என்று வந்துவிடுகின்றது. அக்காலத்துக்கு அது அழகு. இக்காலக் கடிதத்துக்குப் பொருந்தாது.

இனி, நம்மவர் வழமையாகச் செய்யும் பிழைகள் சிலவற்றை எடுத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, 'இஃப் ஹீ வில் கம்' என்று எழுதுவது. வருவது எதிர்காலத்திற்றானே, ஆகவே 'வில்' வேண்டுமே என்பது நம் எண்ணம். எதிர்காலத்தைக் காட்டும் பொறுப்பை இரண்டாம் பகுதியே சுமக்கும். 'இஃப்' பகுதிக்கு நிகழ்காலம் போதும். விலக்கும் உண்டு. 'இஃப் யூ வில் வெயிற் எ மினிற்' என்று பணிவாகக் கேட்கும்போது, அந்த 'வில்' எதிர்காலமன்று, இசைவு. தயவுசெய்து பொறுக்க இசைவீராயின் என்பது அதன் பொருள்.

இரண்டாவது, 'இஃப் ஐ வுட் ஹாவ் நோன்' என்று 'வுட்' என்பதை இரு பக்கமும் வைப்பது. 'இஃப் ஐ ஹாட் நோன்' என்பதே எழுத்துவழக்கு. 'இஃப்' என்பதை நீக்கி 'ஹாட் ஐ நோன்' என்று சொல்லைப் புரட்டியும் எழுதலாம், பொருள் ஒன்றே. இங்கே இன்னொன்றையும் அறிக. நிபந்தனை சென்ற காலத்துக்கும் விளைவு இன்றைக்கும் உரியதாயிருக்கலாம். 'அன்று படித்திருந்தால் இன்று வைத்தியனாக இருப்பான்' என்பதை, 'இஃப் ஹீ ஹாட் ஸ்ரடீட், ஹீ வுட் பீ எ டொக்டர் நவ்' என்று எழுதுவர். இரு பகுதியும் ஒரே காலத்தில் நிற்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

மூன்றாவது, நிபந்தனையே இல்லாத இடத்தில் 'வுட்' போடுவது. 'வில்' கரடுமுரடானது, 'வுட்' பணிவானது என்று எவரோ நம்மிடையே பரப்பி விட்டனர். 'த மீற்றிங் வுட் பீ ஹெல்ட் ஒன் மண்டே' என்று அழைப்பிதழ் போனால், படிக்கும் ஆங்கிலேயர், "ஆனால் என்ன தடை?" என்று 'இஃப்' ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். கூட்டம் நடைபெறும் என்பது உறுதியாயின் 'வில்' என்றே எழுதுக.

நான்காவது, 'அன்லெஸ்' என்பதோடு 'நொற்' சேர்ப்பது. 'வராவிட்டால்' என்பதில் எதிர்மறை வெளிப்படையாக நிற்பதால், நாம் ஆங்கிலத்திலும் அதைத் தேடிச் சேர்த்து விடுகின்றோம். 'அன்லெஸ்' தன் வயிற்றிலேயே எதிர்மறையைக் கொண்டுள்ளது. 'அன்லெஸ் த ஃபீ இஸ் நொற் பெய்ட், யுவர் நேம் வில் பீ றிமூவ்ட்' என்று ஒரு வகுப்பில் அறிவித்தல் ஒட்டினால், அதன்படி கட்டணம் செலுத்தியவர் பெயர்தான் வெட்டப்படும், செலுத்தாதவர் மகிழ்ந்திருக்கலாம்.

ஐந்தாவது, 'இஃப் சப்போஸ்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது. 'ஒருவேளை அவன் வந்தால்' என்பதில் 'ஒருவேளை' வேறு, 'ஆல்' வேறு. ஆங்கிலத்தில் அவ்விரண்டு சொற்களும் ஒரே வேலையைச் செய்வன. ஒரு வண்டிக்கு ஒரு சாரதி போதும்.

ஆறாவது, 'இஃப்' என்பதும் 'இன் கேஸ்' என்பதும் ஒன்றென எண்ணுவது. பிரித்தானிய எழுத்துவழக்கில் இவை வேறு. 'காய்ச்சல் திரும்பினால் இம்மருந்தைக் கொடு' என்பதற்கு 'இஃப்' வேண்டும். 'இன் கேஸ்' போட்டால், காய்ச்சல் திரும்பலாம் என்பதற்காக இப்போதே கொடு என்று பொருள்படும். மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டிலே தொங்கும் குறிப்பில் இந்த வேறுபாடு சிறியதன்று.

ஏழாவது, 'வந்தாலும்' என்பதை மொழிபெயர்ப்பது. 'அவர் ஏழையாக இருந்தாலும் கொடுப்பார்' என்கின்றோம். அவர் ஏழைதான் என்று அறிந்து சொன்னால் 'ஈவின் தோ'. ஏழையோ அல்லரோ, எவ்வாறாயினும் கொடுப்பார் என்றால் 'ஈவின் இஃப்'. ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால், செல்வரை ஏழையாக்கி விடுவோம். இதைப் போன்றதே 'வென்' என்பதும். 'கொழும்புக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள்' என்று அன்போடு அழைக்கின்றோம். வருவது உறுதியென்று தெரிந்த விருந்தினருக்கு 'இஃப் யூ கம்' என்று எழுதினால், வருவீரோ என்னவோ என்ற ஐயம் தொனிக்கும். அவருக்கு 'வென் யூ கம்' என்று எழுதுவதே அழைப்புக்கு அழகு.

பகுதிகளை வைக்கும் ஒழுங்கு பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 'இஃப்' பகுதி முதலில் வந்தால் அதன்பின் காற்புள்ளி இடுக. பின்னே வந்தால் பெரும்பாலும் வேண்டியதில்லை. நிபந்தனைகள் பலவாயின் முடிவை முன்னே வைத்தல் படிப்பவருக்கு எளிது. தமிழருக்கு வினைமுற்றைக் கடைசிவரை காத்திருந்து பெறுதல் பிறப்பிலேயே பழக்கம். ஆங்கிலேயருக்கு அந்தப் பொறுமை கவிதையில் மட்டுமே உண்டு. 1910இல் வெளிவந்த கிப்ளிங்கின் 'இஃப்' என்னும் புகழ்பெற்ற பாட்டு முப்பத்திரண்டு அடி. நிபந்தனைமேல் நிபந்தனையாக அடுக்கிச் சென்று, கடைசி இரண்டடியிலேதான் முடிபைத் தருகின்றது. பாட்டுக்கு அது சிறப்பு. வேலைக்கு விண்ணப்பிப்பவன் அவ்வாறு எழுதினால், முடிபு வருமுன்னரே கடிதம் குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

சட்ட எழுத்து இவ்வகையில் நமக்கு நல்லாசிரியன். ஜோர்ஜ் கூட் என்னும் ஆங்கிலச் சட்ட அறிஞர் 1843ஆம் ஆண்டிற் சட்ட வாக்கியத்தை நான்கு உறுப்பாகப் பிரித்துக் காட்டினார்: எச்சூழலில், என்ன நிபந்தனையின்மேல், யார், எதைச் செய்யவேண்டும். சூழலைக் கூறும் பகுதியை ஆங்கிலச் சட்டங்கள் 'வெயர்' என்னும் சொல்லாற் பெரும்பாலும் தொடங்குகின்றன. 'எவ்விடத்து' என்பதே அதன் நேர்ப்பொருள். நம் நாட்டுச் சட்டத் தமிழும் 'செலுத்தத் தவறுமிடத்து' என்று 'இடத்து' என்பதையே நிபந்தனைக்கு ஆளுகின்றது. கடலாற் பிரிந்த இரு மொழிகள், நிபந்தனை என்பது நாம் போய் நிற்கக்கூடிய ஓர் இடம் என்று ஒருவாறே எண்ணியிருத்தல் வியப்புக்குரியது. இன்னும், சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் வரும் 'புறவைடட் தற்' என்பதை 'இஃப்' என்பதற்கு அலங்காரமாகப் போடலாகாது. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்ன வரையறைக்குள் என்று கையைப் பிடிப்பது அது. 'இஃப் இற் ரெயின்ஸ்' எனலாம். 'புறவைடட் தற் இற் ரெயின்ஸ்' என்றால், மழையோடு யாரோ உடன்படிக்கை செய்துகொண்டதுபோல் ஆகும்.

அன்பர்களே, இவ்வளவையும் ஒருசேர நினைவில் வைத்தல் அரிதென்று அஞ்சவேண்டாம். 'இஃப்' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது மூன்று வினாக்களை உங்களையே கேளுங்கள். இது நடக்கக்கூடியது என்று நம்புகின்றேனா? நடவாதது என்று கருதி வெறுமனே எண்ணிப் பார்க்கின்றேனா? அல்லது, நடவாமற் போயிற்று என்று அறிந்தே சொல்லுகின்றேனா? விடை தெரிந்தால் வினைச்சொல்லின் வடிவம் தானே வந்து நிற்கும். விடை தெரியாவிட்டால் இலக்கண நூலைப் புரட்டிப் பயனில்லை. நாம் சொல்ல வந்ததையே இன்னும் தெளிந்துகொள்ளவில்லை என்பது பொருள்.

வாய்மையைப் பற்றி நம் மூதாதையர் கூறாத நூலில்லை. பொய்யை மெய்யென்று சொல்லாதிருப்பதோடு வாய்மை முடிந்துவிடாது. அறிந்ததை அறிந்ததாகவும், ஐயுறுவதை ஐயமாகவும், விரும்புவதை விருப்பமாகவும் சொல்லுதலும் வாய்மையே. உறுதிமொழி கொடுக்கவேண்டிய இடத்தில் ஆசையையும், ஐயத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் தீர்ப்பையும் எழுதிவிடாதிருக்க ஆங்கிலத்தின் இந்த ஈரெழுத்துச் சொல் நம்மைப் பழக்குமாயின், அதைக் கற்க நாம் செலவிடும் நேரம் வீணாகாது. நம் சங்கத்து இளைஞர்கள் வாரத்தில் ஒருநாள் கூடி, ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவர் படித்துத் திருத்தும் வழக்கத்தைத் தொடங்கினால், அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அதன் பயனைக் காண்போம். நான் இதைச் சொல்வது முதலாம் வகை 'ஆல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் என்று நம்பியே சொல்லுகின்றேன்.